கிளித்தட்டில் ஒரு பந்து

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மா வீட்டில் இருக்கிற நாள். மற்ற நாட்களில் விடிந்தும் விடியாமலும் பயராபீஸ் பஸ், அதாவது பட்டாசு ஆலை பஸ், வந்து முக்கில் நின்று ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறிப்போவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். ஞாயிறு காலை எண்ணெய்க் குளியல், மத்தியானம் கறிக்குழம்பு. அந்தக் குளியலுக்கு முன்னால் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் கண்மாய்க்குள் வைத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்குகிறேன். ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை 22 பேர். பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள்.

கண்மாய் என்றதும் தண்ணீரை நினைக்க வேண்டாம். தை பிறந்து கொஞ்ச நாளில் வற்றிவிடும். கரிசல் காய்ந்து, பந்து உள்ளே போய்ச் சிக்கிக்கொள்கிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அதனால் கரையோரச் சரள் மேட்டில்தான் விளையாட்டு. சீமைக்கருவேல முள்ளைப் பொறுக்கி ஒதுக்கவே முதல் கால் மணி நேரம் போய்விடும். முள் குத்தினால் பிள்ளை ஒரு நிமிடம் அழுதுவிட்டு வந்துவிடும். பந்தில் குத்தினால் அன்றைய விளையாட்டு அதோடு சரி.

ஆரம்பத்தில் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். செருப்புகளை வரிசையாக வைத்து, ஒவ்வொருவராகப் பந்தை அவற்றுக்கு இடையில் வளைத்து ஓட்டச் சொன்னேன். பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டே ஆளை ஏய்த்துக் கடந்து போவதற்கு டிரிபிளிங் என்று பெயர். பிள்ளைகள் அதைத் ‘திருப்புலிங்’ ஆக்கிவிட்டார்கள். திருப்பு என்ற சொல் உள்ளேயே இருப்பதால் அதுவே நல்ல பெயராகத் தோன்றி, நானும் திருத்தவில்லை. ஆனால் அந்த வரிசை சரிப்படவில்லை. ஒருவர் ஓட, மற்றவர்கள் நின்றார்கள். நிற்கிற பிள்ளை மண்ணைக் கிளறும், முன்னால் நிற்பவளின் சடையை இழுக்கும். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு நான்கு முறைதான் பந்து வந்திருந்தது. அந்த நான்கு முறையும் அது செருப்பைத்தான் பார்த்து ஓடியது. செருப்பு யாரையும் மறிக்காது. மறிக்காத ஒன்றைப் பார்த்து ஏய்க்கப் பழகுவது எப்படி?

விடை பிள்ளைகளிடமே இருந்தது. ஒரு ஞாயிறு நான் போகத் தாமதமாகிவிட்டது. பந்துப் பை என்னிடம் இருந்ததால், அவர்கள் குச்சியால் கோடு கிழித்துக் கிளித்தட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் கரைமேல் நின்றுவிட்டேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு சிறுமி, இருப்பவர்களிலேயே ஒல்லியானவள், ஒரு கோட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். கோட்டில் கை விரித்து மறிக்கிறவன் அவளைவிட ஒரு முழம் உயரம். இவள் இடது தோளை லேசாகத் தாழ்த்தினாள். அவ்வளவுதான். அவன் அந்தப் பக்கம் சாய்ந்தான். இவள் இந்தப் பக்கம் போய்விட்டாள். மூன்று மாதமாக நான் தொண்டை கட்டச் சொல்லிக்கொண்டிருந்த வித்தை அது. அந்த உடம்புக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது. பந்தைக் காலில் கொடுத்து வரிசையில் நிறுத்தி, தெரிந்ததை மறக்க வைத்துக்கொண்டிருந்தவன் நான்.

அன்றைக்கே கிளித்தட்டுக்குள் பந்தை இறக்கினோம். சட்டம் பழையதுதான். மறிக்கிறவர் தன் கோட்டிலேயே இடமும் வலமும் போகலாம், கோட்டை விட்டு முன்னே வரக்கூடாது. தொடுவதற்குப் பதிலாகப் பந்தைத் தட்டிவிட வேண்டும். அது ஒன்றுதான் மாற்றம். சின்னப் பிள்ளைக்கு இந்தக் கோடு பெரிய காவல். எதிராளி மேலே வந்து விழமாட்டான் என்று தெரிந்தால்தான் அது நின்று, பார்த்து, யோசிக்கும். முதல் வாரம் எல்லாருடைய பந்தும் நான்கடி முன்னால் ஓடிப் பறிபோனது. இரண்டாவது வாரம் தட்டு சின்னதாயிற்று. காலுக்குக் கீழே பந்தை வைத்துக்கொண்டு, உள்ளங்காலால் ஓர் இழுப்பு, பாதத்தின் வெளிப்பக்கத்தால் ஒரு தட்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. “சார், அவன் கோட்ட விட்டு வெளிய வந்துட்டான்” என்ற பஞ்சாயத்தை மட்டும் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு விளையாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கல்லா மண்ணாவில் எல்லார் காலிலும் பந்து, பிடிக்கிறவர் காலிலும்கூட. டவுசருக்குப் பின்னால் துணிக்கிழிசலை வாலாகச் செருகிக்கொண்டு, தன் பந்தை விடாமல் அடுத்தவர் வாலைப் பறிக்கிற ஆட்டம் ஒன்று. எனக்கு ரொம்பப் பிடித்தது அட்டை விளையாட்டு. சிவகாசி அச்சகங்களில் காலண்டர் வெட்டி மிஞ்சும் வண்ணத் துண்டட்டைகள் எங்களுக்குக் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பிள்ளைகள் பந்தை உருட்டிக்கொண்டு சுற்றிவரும்போது நான் ஏதாவதொரு அட்டையைத் தூக்கிக் காட்டுவேன். நிறத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். சிவப்பு என்றால் உள்ளங்காலால் பந்தை அமுக்கி நிற்க வேண்டும். “தலையைத் தூக்கு, தலையைத் தூக்கு” என்று வருடக்கணக்காகக் கத்தினாலும் தூக்காத தலை, மஞ்சளா ஆரஞ்சா என்று பார்க்கத் தானாக நிமிர்கிறது.

பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். வெறுங்காலோடு நிற்கிற ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பாறாங்கல். பெருவிரலால் குத்தி எட்டத் தள்ளத்தான் அதற்குத் தோன்றும், வலிக்கவும் செய்யும். அந்த வயதுக்கு மூன்றாம் எண் பந்து வேண்டும். அது கிடைக்காவிட்டால் திருவிழாக் கடை ரப்பர் பந்தே போதும். ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். “இந்த வயசுல பாஸ் பண்ணப் பழக்கலையா?” என்று கேட்கிறார்கள். பழக்கவில்லை. ஆறு வயதில் பந்து தனக்கே வேண்டும் என்று பிள்ளை நினைப்பது இயல்பு. கொஞ்ச நாள் அது தன்னுடையதாகவே இருக்கட்டும். கொடுக்கிற வயது தானாக வரும்.

தன்னுடையது என்று ஒரு விளையாட்டுச் சாமான்கூட இல்லாத வயதை நான் பார்த்திருக்கிறேன். என் எட்டாவது வயதில், அக்காவோடு தீப்பெட்டியாபீசுக்குப் போய்க் கட்டை அடுக்கினேன். மரச்சட்டத்தின் வரிகளில் ஈர்க்கு மாதிரிக் குச்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும்; சட்டம் நிறைந்தால்தான் காசு. சின்னப் பிள்ளை விரல்தான் வாகு என்று பெரியவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்திருந்த முதலாளி, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. அதற்குள் எங்கள் வயதுக்காரர்களுக்கு மீசை வந்து, கல்யாணமும் ஆகிவிட்டிருந்தது.

கோடை விடுமுறையில் வார நாளிலும் விளையாடுவோம். போன வருடம் மே மாதத்தில் ஒருநாள் பகல் பதினொரு மணி இருக்கும். அட்டை விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. என் கையில் இருந்தது பச்சை அட்டை. தெற்கே எங்கோ ஒரு சத்தம் கேட்டது. காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தது. 22 பேரும் பந்தின்மேல் கால் வைத்து நின்றுவிட்டார்கள். ஒரு பந்துகூட உருளவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சத்தம் கேட்டால் முதலில் புகை எந்தத் திசை என்று பார்ப்பார்கள், பிறகு அந்தத் திசையில் அம்மா வேலைக்குப் போகிறாளா என்று நினைப்பார்கள். புகை எழுந்தது. “எங்கம்மா அந்தப் பக்கம் இல்ல” என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள். யாரும் பதில் பேசவில்லை. பந்துகளைப் பைக்குள் போட்டோம். அன்றைக்கு எங்கள் தெருவுக்குக் கெட்ட சேதி வரவில்லை. வேறொரு தெருவுக்குப் போயிருந்தது.

விளையாட்டுக்கு நடுவே பிள்ளைகளுக்குக் கதையும் சொல்வேன். பிரேசிலில் பாவ் கிராண்டே என்று ஓர் ஆலை ஊர் இருக்கிறது. அங்கே பிறந்த கால்பந்து வீரர் கரிஞ்சா பதின்வயதிலேயே துணி ஆலை வேலைக்குப் போனவர். இரண்டு காலும் ஒரே பக்கமாக வளைந்தவை. 1958, 1962 என இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் ஆடினார். அவர் எப்போதும் வலப்பக்கமாகத்தான் போவார் என்று மறிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, அந்த ஒல்லிப் பெண் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இன்னொரு கதையும் சொல்வேன், இது பக்கத்திலேயே நடந்தது. மதுரை சேது அணிப் பெண்கள் 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். அந்த அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். “மதுரையா சார்?” என்று நான்கைந்து பேர் ஒன்றாகக் கேட்டார்கள். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊர் என்பதுதான் அவர்களுக்கு ஆச்சரியம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த ஒல்லிப் பெண்ணின் அம்மா கண்மாய்க்கே வந்துவிட்டார். “எண்ணெய் வச்சிக் குளிப்பாட்டணும்ணே, மணி ஒம்பதாச்சு” என்றார். விரலிடுக்கில், நகக்கண்ணில் எல்லாம் வெள்ளி மருந்து மினுங்கியது. அலுமினியத் தூள் ஒருநாள் கழுவலில் போகாது. “ஒரே ஒரு ஆட்டம்மா” என்று மகள் கெஞ்சினாள். கோட்டில் ஓர் ஆள் குறைந்தது. அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார், கரைமேல் யாரும் வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இறங்கிக் கோட்டில் நின்று கையை விரித்தார். நிற்கிற வாகைப் பார்த்தாலே தெரிந்தது, இந்த ஆட்டம் அவருக்குப் புதிதில்லை.

மகள் பந்தோடு வந்தாள். இடது தோள் தாழ்ந்தது. அம்மா ஏமாறவில்லை, பந்தைச் சுத்தமாகத் தட்டிவிட்டார். மகள் திகைத்து நின்றாள். ஓடிப்போன பந்தை அம்மாவே எடுத்து வந்து மகளின் காலடியில் உருட்டிவிட்டு, மறுபடி கோட்டில் போய் நின்றுகொண்டார்.

“இன்னொருக்க வா” என்றார்.