எதை அளந்தார்கள் என்று கேளுங்கள்

கண்டியில் நெடுங்காலம் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் படிப்பித்தவன் நான். சந்தையிலோ பஸ்ஸிலோ பழைய மாணவர்களைக் கண்டால் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சேர், தேங்காய் எண்ணெய் நல்லதா, கூடாதா?" கேள்வியை இப்படிக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. யார், எதை அளந்துவிட்டு அப்படிச் சொன்னார்கள் என்று முதலில் கேட்கப் பழகுங்கள். பிள்ளைகளே, சமையலறை விஷயத்துக்கு மட்டுமல்ல, உங்கள் காதுக்கு வந்து சேரும் எந்தத் தீர்ப்புக்கும் இதையே சொல்வேன்.

எண்ணெய் பற்றிய தீர்ப்புகள் எத்தனை தரம் புரண்டிருக்கின்றன என்று பாருங்கள். திரவ எண்ணெயில் ஐதரசனை ஏற்றிக் கெட்டியாக்கும் முறைக்கு 1902இல் வில்ஹெல்ம் நோர்மன் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். அந்த முறையில் வந்த மாஜரின் பட்டரைவிட உடம்புக்கு நல்லது என்று பிறகு பல வருடங்கள் நம்பினார்கள். 1990இல் மென்சிங்க், கட்டான் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள், அதில் உண்டாகும் ட்ரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டி நல்ல கொலஸ்ட்ரோலைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். தொழிற்சாலையில் உண்டாகும் ட்ரான்ஸ் கொழுப்பை உணவிலிருந்து அடியோடு அகற்றும்படி 2018இல் உலக சுகாதார நிறுவனம் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதே வருடம் ஹார்வர்ட் பேராசிரியை ஒருவர் ஜெர்மனியில் ஆற்றிய உரையில் தேங்காய் எண்ணெயை நஞ்சு என்றார். இங்கே கடைகளில் 'வேர்ஜின்' என்று எழுதிய சின்னப் போத்தலில் அதே எண்ணெயை மருந்து என்று சொல்லி விற்கிறார்கள்.

இந்தக் கூச்சலில் சேராமல், களனிப் பல்கலைக்கழக இரசாயனவியல் துறையில் கபில செனவிரத்னவும் அவரோடு வேலை செய்தவர்களும் ஓர் எளிய கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். தேங்காய்ப்பாலைத் தண்ணீர் வற்றும்வரை காய்ச்சி எடுக்கிற எண்ணெய்க்கும், சூடு காட்டாமல் எடுக்கிற எண்ணெய்க்கும் என்ன வித்தியாசம்? சூடு பட்டால் நல்லதெல்லாம் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 2009இல் வெளிவந்த முடிவு நேர்மாறாக இருந்தது. காய்ச்சிய எண்ணெயில்தான் பீனோல் வகைச் சேர்வைகள் கூடுதல். ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் ஆற்றலும் அதற்கே கூடுதல். தண்ணீர் ஆவியாகப் போக, அதில் கரைந்திருந்தவை எண்ணெயோடு தங்கிவிடுகின்றன. இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. எங்கள் பாட்டிமார் விறகடுப்பில் தாச்சி வைத்து எடுத்த எண்ணெயல்லவா அது!

ஆனால் அவர்கள் அளந்தது பீனோலை. மனிதரின் இரத்தத்தை அல்ல. கொழுப்பமிலங்களைப் பார்த்தால் இரண்டு எண்ணெயும் ஏறக்குறைய ஒன்றே. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பு. 2020இல் 'சேர்குலேஷன்' இதழில் 16 ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், வெப்பமண்டலத்தைச் சேராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிட, தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரோலை ஒரு டெசிலீற்றருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்று கண்டார்கள். இரண்டு முடிவும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை அடிக்காதீர்கள். மனதுக்குப் பிடித்த ஒரு முடிவு கையில் கிடைத்தால், அது சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல் இருப்பது வயது போனாலும் கஷ்டம்தான். அதனால் இப்போதே பழகுங்கள்.

நீங்கள் ஆய்வுகூடத்தில் அளவியிலிருந்து தயோசல்பேற்றைத் துளித்துளியாக விட்டு, மாப்பொருளின் நீலம் மறைவதைப் பார்த்து நிற்பீர்களே, எண்ணெய் கெடத் தொடங்கிவிட்டதா என்று அறிவதும் அதே நியமிப்பால்தான். கெடத் தொடங்கிய எண்ணெயிலுள்ள பேரொட்சைட்டுகள் பொற்றாசியம் அயடைட்டிலிருந்து அயடீனை வெளியேற்றும். அந்த அயடீனை அளந்து பேரொட்சைட்டுப் பெறுமானத்தைக் கணிக்கிறார்கள். கூடவே, எண்ணெயே போடாமல் அதே பரிசோதனையை ஒரு தரம் செய்து, அதில் வருவதைக் கழிக்க வேண்டும். ஏனென்றால் மற்றப் பதார்த்தங்களும் தம் பங்குக்குக் கொஞ்சம் அயடீனைத் தரக்கூடும். அவசரத்தில் இதை விட்டுவிடும் பிள்ளைகளை நிறையக் கண்டிருக்கிறேன். ஒரு மனிதரைப் பற்றி முடிவெடுக்குமுன், அவர் வாய் திறக்க முன்பே என் மனதில் என்ன இருந்தது என்று கழித்துப் பார்க்க எனக்குச் சொல்லித்தந்தது இந்த வெற்றுப் பரிசோதனைதான்.

இந்தப் பெறுமானம் சிலவேளை ஏமாற்றவும் செய்யும். பேரொட்சைட்டு முதலில் ஏறும். பிறகு அல்டிகைட்டுகளாக உடைந்து இறங்கும். அதனால் முற்றாகக் கெட்ட எண்ணெயும் புது எண்ணெய்போலக் குறைந்த பெறுமானத்தைக் காட்டலாம். விஷயம் தெரிந்தவர்கள் அல்டிகைட்டுகளைக் காட்டும் அனிசிடீன் பெறுமானத்தையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். ஒரு பாடத்தின் புள்ளியை மட்டும் வைத்து ஒரு பிள்ளையை நிறுத்துப் பார்க்கிற பெற்றோருக்கும் இதைச் சொல்ல ஆசை. திரும்பத் திரும்பப் பொரித்த எண்ணெய்க்கு வேறோர் அளவு உண்டு: எண்ணெய் சிதைந்து உண்டாகும் முனைவுச் சேர்வைகள். அவை பிரான்ஸில் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் மேலும் பொரிக்கக் கூடாது.

உணவை இப்படி ஆராயும் இடங்கள் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. பேராதனையில் விவசாய பீடத்து உணவு விஞ்ஞானத் துறை இருக்கிறது. மகாவலிக்கு அந்தப் பக்கம் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. மருத்துவமும் பொறியியலும் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போய்விட்டது என்று அழுகிற தோட்டத்துப் பிள்ளைகள் இந்த இரண்டு இடங்களையும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கண்டி பஸ் நிலையத்தைச் சுற்றி ஒவ்வொரு நாளும் எத்தனையோ தாச்சிகளில் வடையும் ரோல்ஸும் பொரிகின்றன. அந்த எண்ணெயை அளக்க வேண்டும். கடைக்காரரைக் குற்றவாளியாக்காமல், எந்தக் கட்டத்தில் எண்ணெயை மாற்ற வேண்டும் என்று அவருக்கு விளங்கும்படி தமிழிலும் சிங்களத்திலும் சொல்லவும் வேண்டும். அந்த வேலைக்கு உங்களில் சிலர் வாருங்கள்.