9.30 மணி நாடகமும் கடைசி ரயிலும்

புனேயின் பாலகந்தர்வ ரங்கமந்திரில் மராத்தி நாடகங்கள் வழக்கமாக மூன்று வேளைகளில் நடக்கின்றன: பகல் 12.30, மாலை 5.30, இரவு 9.30. கார் இல்லாமல் இந்த ஊருக்குக் குடிவருகிறவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய அட்டவணை இதுதான். இரவு நாடகம் முடிவதற்குள் மெட்ரோ ரயில் ஓய்ந்துவிடும்.

மும்பை வாடகைக்குப் பயந்தும் கலையை நம்பியும் புனே வருகிறவர்கள் எப்போதும் உண்டு. பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960-இல் தொடங்கிய திரைப்படக் கல்லூரிக்கு மட்டக்களப்பிலிருந்து பாலு மகேந்திரா வந்தார். ஒளிப்பதிவில் தங்கப் பதக்கத்தோடு 1969-இல் வெளியேறினார். பீம்சேன் ஜோஷி 1953-இல் ஆரம்பித்த சவாய் கந்தர்வ இசைவிழா டிசம்பர்தோறும் நடக்கிறது. விஜய் டெண்டுல்கரின் 'காஷிராம் கோத்வால்' 1972-இல் அரங்கேறியதும் இங்கேதான். நாடகத்துக்குச் சீட்டு வாங்கிப் போவது புனேவாசிக்கு இன்றும் சாதாரண வீட்டுச் செலவு.

அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் சைக்கிள் போதும். சைக்கிள் நகரம் என்றே புனேவுக்குப் பெயர். அதை ஓரங்கட்டிய ஸ்கூட்டர்கள் பக்கத்து ஆகுர்டியில்தான் தயாராயின என்பது ஒரு வேடிக்கை. இப்போது துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பறக்கும் பெண்களிடமிருந்து, வயதான கீர்த்தனக்காரர் வரை எல்லோரும் இருசக்கர வாகனத்தில்தான். 2017-க்குப் பிறகு வந்த வாடகைச் சைக்கிள் திட்டமும் நிலைக்கவில்லை. சாலையைக் கடப்பது தனி வித்தை.

வண்டி ஓட்டாதவர் வீட்டு வாடகையைத் தனியாகப் பார்க்கக் கூடாது; வீட்டிலிருந்து அரங்கத்துக்குப் போய்வரும் செலவையும் நேரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நகர்சாலையில் வாகோலி போன்ற இடங்களில் வாடகை குறைவு. ஆனால் 2024-இல் திறந்த மெட்ரோப் பாதை ராம்வாடியோடு நிற்கிறது. வாகோலி வரை நீட்ட மத்திய அமைச்சரவை 2025 ஜூனில்தான் ஒப்புதல் தந்தது. இரவில் திரும்பும்போது ஆட்டோவுக்குக் கொடுப்பதில் வாடகை மிச்சம் கரைந்துபோகும். அதற்கு சதாசிவ, நாராயண், கஸ்பா என்று 'பேட்' சேர்த்து அழைக்கப்படும் பழைய பேட்டைகளிலோ, டெக்கான் பக்கமோ ஒரு சின்ன அறை மேல். அங்கிருந்து பாரத் நாட்ய மந்திர், திலக் ஸ்மாரக் மந்திர் எல்லாம் நடைதூரம். 2024 செப்டம்பரில் ஸ்வார்கேட் வரை திறந்த சுரங்கப் பாதையில் கஸ்பா பேட், மண்டை நிலையங்களும் உண்டு. தமிழ்க் குரல் கேட்க வேண்டுமானால் ராஸ்தா பேட் இருக்கிறது; கொஞ்சம் தள்ளி, ராணுவத்தோடு வந்த தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் கடக்கி.

பஸ்ஸை நம்புகிறவர் தேவநாகரி எண்களைப் படிக்கக் கற்பது நல்லது. பல பஸ்களில் தடம் எண் அதில்தான் எழுதியிருக்கும். 2025 ஜூனில் கட்டணம் உயர்ந்து, தினசரி பாஸ் 70 ரூபாய், மாதப் பாஸ் 1,500 ரூபாய் என்றாயின. 2006-இல் தனித்தடப் பஸ்ஸை நாட்டிலேயே முதலில் சோதித்துப் பார்த்த ஊர் இது. ஆனால் அந்தத் தடங்கள் பல இடங்களில் காணாமல் போய்விட்டன. ஸ்கூட்டர்காரர்களுக்கு அதில் வருத்தமில்லை.

சவாய் கந்தர்வ விழா ஒருகாலத்தில் விடிய விடிய நடந்தது. கச்சேரி முடிந்ததும் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கலாம். வண்டி இல்லாதவருக்கு அதைவிட வசதி ஏது! ஒலிபெருக்கி விதிகள் வந்தபின் பெரும்பாலான நாட்களில் இரவு 10 மணிக்கே முடித்துவிடுகிறார்கள். பழைய ரசிகர்களுக்கு இது இன்னும் ஆறாத மனக்குறை. விழா இப்போது நடக்கும் முகுந்த் நகரிலிருந்து விரைந்து நடந்தால் ஸ்வார்கேட்டில் ரயில் கிடைக்கிறது.