தோழியின் ஊர்

எங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த தோழியிடம், "உன் சொந்த ஊர் எது?" என்று ஆவலுடன் கேட்டோம். "அம்மம்மாவுக்கு யாழ்ப்பாணம். நான் பிறந்தது மண்டபம் முகாமில்," என்றாள். "அகதிப் பெண்ணாம்" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அது அவள் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

1983 கலவரத்துக்குத் தப்பிக் கடல் கடந்தவர்களின் பேத்தி அவள். இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லை. 1987 ஜூலை முதல் பிறப்போருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை பெற்றிருத்தல் வேண்டும். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. எங்கள் நாவை நாங்களே மாற்ற வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்டோம், சிரித்தாள்.

இன்று யாராவது அவள் ஊரைக் கேட்டால், "எங்கள் ஊர்தான்!" என்று நாங்களே முந்திக்கொள்கிறோம். சட்டமும் அப்படிச் சொல்லும் நாள் எந்நாளோ?