துவர்ப்பு

சென்ற பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு நாங்கள் நான்கு பென்ஷன்காரர்கள் பேகம்பூரிலிருந்து வாடகைக் கார் பிடித்து, பெங்களூரு தாண்டி நந்தி மலை அடிவாரம் வரை போய் ஒயின் சுவைத்துப் பார்த்துவிட்டு வந்தோம். "பழநிக்குப் போகிற வயதில் இது என்ன கூத்து?" என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நண்பர்களின் பெயரைப் போட்டால் அவரவர் வீட்டில் வம்பு. ஆகவே நாங்கள் கூப்பிட்டுக்கொள்கிற மாதிரியே எழுதுகிறேன். வங்கியில் ஓய்வு பெற்றவர் மேனேஜர். பள்ளியில் வேதியியல் நடத்தியவர் வாத்தியார். தோல் மண்டியில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர் பாய். நான் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன்.

யோசனை மேனேஜருடையது. அவர் மகள் பெங்களூருவில் இருக்கிறாள். அங்கே போனபோது மருமகன் அவரை ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். "அங்கே யாரும் குடிக்கிறதில்லைப்பா, ருசி பார்க்கிறாங்க" என்று வந்து சொன்னார். பாய் உடனே, "நான் தொடமாட்டேன், ஆனா வர்றேன். திப்பு பிறந்த ஊரு பக்கத்துலதானே இருக்கு?" என்றார்.

நானும் தொடாதவன்தான். ஆனால் என் காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

விடிகாலை நான்கு மணிக்குப் பெரிய பள்ளிவாசல் பக்கம் இருந்து கிளம்பினோம். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. திண்டுக்கல் கோட்டையில் 1755-இல் பௌஜ்தாராக வந்து அமர்ந்தவர் ஹைதர் அலி. அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கியிருப்பது எங்கள் பள்ளிவாசல் வளாகத்தில். அந்த பேகத்தின் பெயரால்தான் பேகம்பூர் என்பார்கள். அத்தையின் ஊரிலிருந்து மருமகன் பிறந்த ஊருக்குப் போகிறோம் என்று பாய் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கரூர், நாமக்கல் கடந்து சேலத்தில் இட்லி. தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூருவுக்குள் நுழைந்தோம். நானூறு கிலோமீட்டருக்கு மேல் வந்த களைப்பைவிட, அந்த ஊரைக் குறுக்கே கடந்த களைப்புதான் அதிகம். சாயங்காலம் தேவனஹள்ளி. கோட்டைச் சுவருக்கு வெளியே, தூண்கள் நிறுத்திய சின்ன அடைப்பு ஒன்றைத் திப்பு பிறந்த இடம் என்று காட்டுகிறார்கள். பாய் அதன் முன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு திரும்பி, "1787-லயே ராஜ்யத்துல மதுவிலக்கு வேணும்னு மீர் சாதிக்குக்கு எழுதினவரு. அவரு ஊருக்கு நாம எதுக்கு வந்திருக்கோம் பாருங்க" என்று சிரித்தார்.

மறுநாள் காலை நந்தி மலையில் சூரியோதயம். நாலாயிரத்து எண்ணூறு அடிக்கு மேல் உயரம், பனி, கூட்டம். அவ்வளவுதான். விஷயத்துக்கு வருகிறேன்.

தோட்டம் தொட்டபள்ளாபுரம் போகிற சாலையில், ரகுநாதபுரத்தில் இருக்கிறது. கன்வல் குரோவர் என்பவர் 1988-இல் தொடங்கிய நிறுவனம். பிரான்ஸிலிருந்து நிபுணர்களை வரவழைத்து, எந்தக் கொடி இந்த மண்ணுக்கு ஒத்துவரும் என்று வருஷக்கணக்கில் நட்டுப் பார்த்தார்களாம். 2012-இல் நாசிக் பக்கத்து நிறுவனம் ஒன்றோடு இணைந்து இப்போது குரோவர் ஜாம்பா என்று பெயர்.

கம்பம் பக்கம் திராட்சை பார்த்த கண்ணுக்கு முதலில் ஏமாற்றம்தான். நம் பன்னீர் திராட்சை கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் தலைக்கு மேல் படரும். நிழலில் குனிந்து நடக்கலாம். இங்கே கொடிகள் இடுப்பளவு உயரத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகக் கம்பியைப் பிடித்து நிற்கின்றன. பழம் சின்னது, தோல் தடிப்பு, கொட்டை பெரிது. தின்ன லாயக்கில்லை. ஒயினுக்கு அதுதான் வேண்டுமாம்.

சுற்றிக் காட்டிய பெண் சொன்ன ஒன்று எனக்குப் புதிது. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும். நம் நாட்டில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து செய்கிறார்கள். மழைக்கு முன்னால் ஒன்று, மழை ஓயும்போது ஒன்று. இரண்டாவது கவாத்துக்கு வருகிற காயைத்தான் அறுவடை செய்கிறார்கள். கம்பத்திலோ தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை மாற்றி மாற்றிச் செய்து வருஷம் பூராவும் பழம் பறிக்கிறார்கள். ஒரே கொடி, இரண்டு விதமான வேலை வாங்கல்.

பழச்சாற்றைத் தோலோடு ஊறவிட்டால் சிவப்பு ஒயின், தோலை முதலிலேயே பிரித்துவிட்டால் வெள்ளை. நிறம் சதையில் இல்லை, தோலில்தான். எஃகுத் தொட்டிகளைக் கடந்து, ஓக் மரப் பீப்பாய்கள் அடுக்கிய குளிர்ந்த அறைக்குப் போனோம். கடைசியில் சுவைக்கும் மேஜை. ஆளுக்குச் சில கண்ணாடிக் கோப்பைகள். நடுவே ஒரு பாத்திரம். வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, "படிக்கம்!" என்றார். உண்மையிலேயே படிக்கம்தான். வாயில் வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டுத் துப்புவதற்கு. எங்கள் பாட்டி காலத்து வெற்றிலைப் படிக்கத்தை இங்கே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

முதலில் வெள்ளை. எலுமிச்சை, பச்சைப்புல் வாசனை என்றார் அந்தப் பெண். மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாத்தியார், "பூசை ஒயின் இனிப்பா இருக்கும், இது புளிக்குது" என்றார். கடைசியில் சிவப்பு. கேபர்னே சாவிஞானும் ஷிராஸும் கலந்தது. ஓக் பீப்பாயில் கிடந்தது. "சுழற்றி முகர்ந்து பாருங்கள். கறுப்புப் பழம், மிளகு, கொஞ்சம் மரப்பட்டை, கொஞ்சம் தோல்."

நாங்கள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேகம்பூர்க்காரனிடம் தோல் வாசனை என்று காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள்! பாய் மட்டும் சிரிக்கவில்லை. திராட்சை ஜூஸை வைத்துவிட்டு என் கோப்பையை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய்விட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தோல் இல்லை. பட்டை. தொட்டியில போட்ட மூணாம் நாள் வாசம்" என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. வாத்தியார் விளக்கினார். நாக்கு வறண்டு ஒட்டுவது மாதிரி இருக்கிறதே, அது டானின். தோலில் இருக்கும் புரதத்தைப் பிடித்து இறுக்குவதும் அதே டானின். டேனரிக்கும் டானினுக்கும் ஒரே வேர்ச்சொல். அங்கே ஓக் பட்டையை வைத்துத் தோல் பதனிட்டார்கள், அதே ஓக்கில் பீப்பாய் செய்தார்கள். இங்கே ஆவாரம் பட்டை, கடுக்காய், பிறகு வாட்டில் பட்டை. கொடைக்கானல் மலையில் வாட்டில் காடு வளர்த்ததில் தோல் தொழிலுக்கும் பங்கு உண்டு. "எச்சில்லயும் புரதம் இருக்கு. இந்த ஒயின் இப்போ உங்க நாக்கைப் பதனிடுது" என்று முடித்தார்.

இப்போது என் காரணத்தைச் சொல்லவேண்டும்.

என் அய்யா தோல் ஷாப்பில் தொட்டி வேலை செய்தவர். சுண்ணாம்புத் தொட்டி, பிறகு பட்டைத் தொட்டி. 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கை விலக்கினார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த நாற்றத்தில் நிற்க ஒரு கிளாஸ் வேண்டும் என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். 1974-இல் சாராயக் கடைகளை மூடியபோது அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். கடை மூடியது, அய்யாவின் குடி மூடவில்லை. கள்ளச்சாராயம் அதைவிடக் கெட்டது. 1978-இல் போய்விட்டார். எனக்கு வேலை கிடைத்துப் பயிற்சிக்குப் புறப்பட்ட அன்று அம்மா கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அதை நான் மீறியதில்லை.

இதில் பெரிய இழப்பு எதுவென்று சொன்னால் உங்களுக்குச் சின்னதாகத் தெரியும். ஐம்பது வருஷமாக அய்யாவை நினைத்தாலே சாராய நெடிதான் முதலில் வரும். வாசலில் விழுந்து கிடந்தது வரும். அதற்கு முந்தைய பன்னிரண்டு வருஷத்து அய்யா வரவே மாட்டார். எவ்வளவு முயன்றாலும் முகம் அந்த நெடிக்குப் பின்னால் போய்விடும்.

அன்று அந்தக் கோப்பையை முகர்ந்தபோது சாராயம் வரவில்லை. பட்டை வந்தது. முழங்கை வரை செம்பழுப்பேறிய கைகள். சோறு பிசைந்து ஊட்டும்போது, எத்தனை சோப்பு போட்டுக் கழுவினாலும் விரலில் போகாத அந்தத் துவர்ப்பு வாடை. சனிக்கிழமை ராத்திரிகளில், குமரன் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லித் தலையைத் தடவிய கை. குடிப்பதற்கு முந்தைய அய்யா.

"வாயில் வைக்கிறியா, வேண்டாமா?" என்றார் மேனேஜர். நான் தயங்கியதைப் பார்த்து வாத்தியார் தீர்ப்புச் சொன்னார்: "உங்கம்மா குடிக்காதேன்னுதான் சத்தியம் வாங்கினாங்க. துப்புறது குடிக்கிறது இல்லை." பாய் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒரு வாய் எடுத்தேன். நாக்கு இறுகியது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் துப்பினேன். அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நான் ஒயினுக்குப் பரிந்து பேசுவதாக யாரும் நினைக்கவேண்டாம். பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு. நம் ஊரில் இந்த விஷயத்துக்கு இரண்டே பேச்சுதான்: கண்மூடி ஊற்றிக்கொள்வது, அல்லது காதைப் பொத்திக்கொள்வது. முகர்ந்து பார்த்து, இது எந்த மண், எந்தப் பட்டை, யார் உழைப்பு என்று கேட்க இடமில்லை. அறுசுவை சொல்கிற நாம் துவர்ப்பை மட்டும் பாக்கோடும் வாழைப்பூவோடும் விட்டுவிட்டோம். அதற்குள்ளும் ஒரு ஊரின் கதை இருக்கிறது. பேகம்பூரில் எத்தனை வீடுகளில் அந்தச் சுவை அடுப்பெரித்தது என்பது எங்களுக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் சாலையோரத்தில் பெங்களூர் நீலத் திராட்சை ஒரு பெட்டி வாங்கினோம். அதுவும் தோல் தடித்த, புளிப்பு கலந்த பழம். வீட்டில் கேட்டார்கள், என்ன வாங்கி வந்தீர்கள் என்று. பெட்டியைக் காட்டினேன், நிம்மதியானார்கள்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போங்கள். ஓட்டுநருக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். எங்கள் தம்பி வெளியே மரத்தடியில் தூங்கி, ராத்திரி பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்த்தான்.

அடுத்து கம்பம் போகலாம் என்கிறார் மேனேஜர். பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அவருக்கு அந்த ஆசை. பாய் இப்போதே தேதி கேட்கிறார். அங்கே படிக்கம் தேவைப்படாது.