ஹாலிவுட்டுக்கு டாட்டா காட்டிய ஐரிஷ் இயக்குநரின் கோட்டை!

பிரான்ஸின் நீஸ் நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். நகரின் மேற்கே 'விக்டோரின்' என்றொரு பழைய ஸ்டூடியோ இருக்கிறது. 1920-களில் அது ரெக்ஸ் இங்ராமின் கோட்டை!

1892-ல் டப்ளினில் பிறந்த பாதிரியார் மகன். 1911-ல் அமெரிக்கா போய், யேல் பல்கலையில் சிற்பம் படித்தவரை சினிமா இழுத்துக்கொண்டது. 1921-ல் இவர் இயக்கிய 'தி ஃபோர் ஹார்ஸ்மென் ஆஃப் தி அபோகலிப்ஸ்' மௌனப்படம்தான் வாலன்டினோவை நட்சத்திரமாக்கியது. ஒளியையும் நிழலையும் வைத்து உருவங்களைச் செதுக்கிய விதத்தில் சிற்பியின் கை தெரியும்.

ஸ்டூடியோ முதலாளி லூயிஸ் பி. மேயரோடு மட்டும் ஒத்தே போகவில்லை. புகழின் உச்சியிலேயே ஹாலிவுட்டை விட்டு நீஸுக்கு வந்துவிட்டார். 'மாரே நாஸ்ட்ரம்' (1926) இங்கே உருவானது. ஹீரோயின், மனைவி ஆலிஸ் டெரி.

பேசும்படத்தில் ஒன்றே ஒன்று எடுத்துவிட்டு, நாற்பதே வயதில் சினிமாவுக்கு முழுக்குப் போட்டார். 1950-ல் காலமானார். விக்டோரினில் பிறகும் கேமரா ஓடியது. த்ரூஃபோவின் 'டே ஃபார் நைட்' படத்தில் வரும் ஸ்டூடியோ இதுதான்.