மணி ஒலித்தால் எடுப்பார் உண்டா?

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் தொலைபேசி நிலையத்திலிருந்து எங்கள் இல்லத்திற்கு ஓர் அறிவிப்பு வந்தது. எங்கள் பகுதியில் செப்புக் கம்பி வழியே இயங்கும் இணைப்புகள் சில மாதங்களில் நிறுத்தப்படும் என்றும், விரும்புவோர் பைபர் எனப்படும் கண்ணாடி இழை இணைப்புக்கு மாறிக்கொள்ளலாம் என்றும், வேண்டாதவர் கருவியை ஒப்படைத்துவிட்டு முன்பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் அதில் கண்டிருந்தது.

இரவு உணவுக்குப் பின் நாங்கள் இருவரும் அமர்ந்து அதைப் படித்தோம். முடிவு எளிது என்றே தோன்றிற்று. வீட்டில் இருப்போர் நால்வர், கைப்பேசிகள் மூன்று. தரைவழித் தொலைபேசிக்கு வாடகையும், அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் வரியும் மாதந்தோறும் கட்டி வந்தோம். அதில் வந்த அழைப்புகளோ பெரும்பாலும் கடன் வேண்டுமா என்று கேட்பவர்களுடையவை. ஒருமுறை வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஒருவன் அட்டையின் எண்ணைக் கேட்டான். எந்த வங்கியும் அவ்வாறு கேட்பதில்லை என்பதையும், ஏமாற்றப்பட்டோர் உடனே 1930 என்ற எண்ணில் முறையிடலாம் என்பதையும் எங்கள் மகள் அறிந்திருந்தமையால் தப்பினோம். இத்தகைய அழைப்புகளுக்காகவா பணம் கட்டுவது என்று எண்ணினோம்.

செபமாலையைக் கையில் வைத்தபடி சாய்வு நாற்காலியில் இருந்த அம்மா, நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

"மக்களே, அந்தப் போனைக் கழற்றிக் குடுத்திராதே. அதுலதான எல்லாரும் நம்ம வீட்டைக் கூப்பிடுவாவ."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தோம். எல்லாரும் என்று அம்மா சொன்னவர்களுள் பலர் இன்று கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். மறுநாளே ஒப்படைப்புப் படிவத்தை நிரப்பி மேசை இழுப்பறையில் வைத்தோம்.

அந்தக் கருவி எங்கள் வீட்டிற்கு வந்த வரலாறு இளைய வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1990இல் விண்ணப்பித்தோம், 1996இல் கிடைத்தது. அக்காலத்தில் இந்நாட்டில் தொலைபேசிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது எல்லாருக்கும் பொதுவான அனுபவம். 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நம் நாட்டின் முதல் நேரடி வெளியூர் அழைப்பு முறை தொடங்கியது. அதன் பின்னரும் எங்களைப் போன்றோர் நெடுங்காலம் 'டிரங்கால்' பதிந்துவிட்டு அஞ்சல் அலுவலகத் திண்ணையில் காத்திருந்தோம். 1980களின் பிற்பகுதியில் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. கடைகள் தெருவெங்கும் வந்தபோது, இரவில் கட்டணம் குறையும் நேரம் பார்த்து அங்கே வரிசையில் நின்றோம்.

எங்கள் வீட்டுக் கருவியைக் கூடத்தில், திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழே வைத்தோம். பங்குத்தந்தை வந்து செபித்துத் தீர்த்தம் தெளித்தார். தொலைத்தொடர்புக்கெனத் தூய கபிரியேல் அதிதூதரைப் பாதுகாவலராக 1951இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அறிவித்தார் என்று அவர் அன்று சொன்னதை அம்மா பல்லாண்டுகள் எல்லாரிடமும் திருப்பிச் சொல்லி வந்தார்கள்.

சில வாரங்களிலேயே அது எங்களுடைய தொலைபேசியாக மட்டும் இல்லாமல் தெருவினுடையதாகவும் ஆயிற்று. வளைகுடா நாடுகளில் பிள்ளைகளை வைத்திருந்த குடும்பங்கள் எங்கள் எண்ணைத் தங்கள் கடிதங்களில் 'பி.பி.' என்று குறித்து அனுப்பின. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்று மணி ஒலிக்கும். "பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுங்கள்" என்று அம்மா சொல்வார்கள். எங்கள் பிள்ளைகளுள் ஒருவர் நான்காம் வீட்டிற்கு ஓடுவார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரு தாய் ஓடி வருவாள். பேசி முடித்ததும் அவள் அழுதால் அவளுக்குக் காப்பி கொடுப்பதும் அம்மாவின் வேலையாக இருந்தது. வந்தவர் போனவர் யார் எண் கேட்டாலும் அந்த ஆறு இலக்கங்களையும் அம்மா மந்திரம்போல் சொல்வார்கள். இப்படி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது அந்தக் கருவியின் அருமையை மீண்டும் கண்டோம். மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. கைப்பேசிகளில் மின்சேமிப்புத் தீர்ந்தது, கோபுரங்களும் ஓய்ந்தன. எங்கள் கூடத்துத் தொலைபேசி மட்டும் முதல் இரண்டு நாள்களும் இயங்கிற்று. செப்புக் கம்பி பேச்சை மட்டும் சுமப்பதில்லை. கருவிக்கு வேண்டிய 48 வோல்ட்டு மின்சாரத்தையும் நிலையத்தின் மின்கலங்களிலிருந்து அதுவே கொண்டு வருகிறது. எனவே வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் மணி ஒலிக்கும். கடலுக்குச் சென்ற உறவினர் கரை சேர்ந்தனரா என்று கேட்டுக் கடற்கரைப் பங்குகளுக்கு அழைக்க, அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டு வாயிலில் மக்கள் நின்றார்கள். நற்செய்தி கேட்டவர்களும் உண்டு, கேளாதவர்களும் உண்டு. அடுத்த தெருவிலோ ஒரு பலா மரம் விழுந்து கம்பி அறுந்து, அங்கிருந்த தொலைபேசிகள் முதல் நாளே ஊமையாயின என்பதையும் உண்மைக்காகச் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் பழங்கதைகளே. பழங்கதைக்காக யாரும் வாடகை கட்டுவதில்லை. படிவம் இழுப்பறையில் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க நேரந்தான் வாய்க்கவில்லை.

தவக்காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எண்பத்தொரு வயதான அம்மா வழக்கம்போல் சிலுவைப் பாதைக்குப் புறப்பட்டார்கள். ஆலயம் ஐந்து நிமிட நடை. அன்று நாங்கள் இருவரும் வேலையிலிருந்து திரும்பவில்லை. மகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆறரை மணி அளவில் கூடத்தில் மணி ஒலித்தது. கடன்காரர்களாக இருக்கும் என்று முதலில் அவள் எழவில்லை. விடாமல் ஒலிக்கவே எழுந்து எடுத்தாள்.

பேசியவர் நாகர்கோவில் பேருந்து நிலையத்தருகே பழக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மையார். "இங்க ஒரு வயசான அம்மா இருக்காவ. எங்க போகணும்னு தெரியல. ஊர் எதுன்னு கேட்டா ஒண்ணு சொல்லுதாவ, அங்க விசாரிச்சா அப்படி யாரும் இல்லங்கான். மகன் செல் நம்பர் கேட்டேன், தெரியாதுன்னுட்டாவ. இந்த நம்பரை மட்டும் கேக்காமலே சொன்னாவ."

அம்மா சொன்ன ஊர், அவர்கள் பிறந்த ஊர். ஆலயத்திற்குப் போகும் வழியில் வந்து நின்ற பேருந்தில் ஏறித் தாய்வீட்டிற்குப் புறப்பட்டிருக்கிறார்கள். அந்த வீடு இடிக்கப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. மகள் எங்களை அழைத்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா பழக்கடை முக்காலியில் அமர்ந்து, உரித்த ஆரஞ்சுச் சுளைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நல்ல பெண்மணி பழத்திற்கு விலை வாங்கவில்லை.

மருத்துவர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். இத்தகைய மறதியில் அண்மையில் கற்றவை முதலில் அழியும். நெடுங்காலம் சொல்லிச் சொல்லிப் பதிந்தவை கடைசிவரை தங்கக்கூடும். எங்கள் கைப்பேசிகளின் பத்து இலக்கங்களை அம்மா ஒருபோதும் கற்றதில்லை. நாங்களும் கற்றுக்கொடுத்ததில்லை. அந்த ஆறு இலக்கங்கள் மட்டும் 'அருள் நிறைந்த மரியே' போல நாவில் நின்றன.

உறவினர் ஒருவர் நல்ல யோசனை சொன்னார்: "எண்களை ஓர் அட்டையில் எழுதிப் பையில் வைத்துத் தைத்துவிடுங்கள். அப்புறம் தொலைபேசி எதற்கு?" அவர் சொன்னது சரியே. அட்டையை அன்றே தைத்தோம். நிறுத்தத்துக் கடைக்காரரிடமும் சொல்லி வைத்தோம். அம்மா இனித் தனியே செல்வதில்லை. காணாமற்போனால் கண்டுபிடிக்க அட்டை போதும்.

அன்றிரவு, இழுப்பறையில் இருந்த படிவத்தோடு பழைய கட்டணச் சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தோம். மூன்று மாதங்களில் எங்கள் வீட்டிலிருந்து அத்தொலைபேசி வழியே ஓர் அழைப்பும் சென்றிருக்கவில்லை. வரும் அழைப்புகள் சீட்டில் இரா. எனவே, யாரெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று அம்மாவிடமே கேட்டோம். துறவற மடத்தில் இருக்கும் தங்கை ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்து கூப்பிடுவதாகச் சொன்னார்கள். வேறு யார் என்றோம். சற்று யோசித்து, "எல்லாருக்கும் சோலி இருக்கும் மக்களே" என்றார்கள்.

எங்கள் மகன் பெங்களூரில் பணி செய்கிறான். அவன் நாள்தோறும் எங்கள் கைப்பேசியில் பேசுகிறான். "பாட்டி எப்படி?" என்பான், "நன்றாக இருக்கிறார்கள்" என்போம். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவன் பாட்டிக்கும் ஒரு தொடுதிரைக் கைப்பேசி வாங்கி வந்தான். அம்மாவின் உலர்ந்த விரலுக்கு அந்தத் திரை கீழ்ப்படியவில்லை. காதில் வைத்தால் கன்னம் பட்டுப் பேச்சு அறுந்தது. நான்கு நாள் முயன்றபின் அதை ஒரு துணியில் சுற்றி, பழைய செபப் புத்தகங்களோடு அலமாரியில் வைத்துவிட்டார்கள். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வீட்டில் நாங்கள் மூவரும் ஆளுக்கொரு வாசல் வைத்துக்கொண்டு அதன் வழியே போய் வருகிறோம். அம்மாவுக்கு இருந்தது ஒரே வாசல். அதைத்தான் செலவு மிச்சம் என்று அடைக்க இருந்தோம். அதைவிட வெட்கம் தந்தது வேறொன்று: அந்த வாசல் திறந்திருந்த காலத்திலும் நாங்கள் அதன் வழியே ஒருநாளும் அம்மாவைத் தேடி வரவில்லை. தொலைபேசியை வைத்துக்கொண்டால் மட்டும் இந்தக் குறை தீர்ந்துவிடுமா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் எங்கள் நினைவிற்கு வந்தார். 2023 அக்டோபரில் போர் மூண்டபின், காசா நகரில் உள்ள திருக்குடும்பப் பங்கு ஆலயத்திற்கு ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் அவர் தொலைபேசியில் அழைத்தார். அங்கே அடைக்கலம் புகுந்திருந்தோர் இன்று என்ன உண்டீர்கள் என்று விசாரிக்கப்பட்டனர். மருத்துவமனையில் இருந்தபோதும் அவர் அவர்களை மறக்கவில்லை. 2025 ஏப்ரல் 21 அன்று அவர் இறப்பதற்குச் சின்னாள்கள் முன்புவரை அந்த அழைப்புகள் சென்றன. அவரால் போரை நிறுத்த இயலவில்லை; ஆனால் மாலையில் மணி ஒலிக்கும் என்று அம்மக்கள் அறிந்திருந்தனர். உலகத் திருச்சபையின் தலைவருக்கு அதற்கு நேரம் இருந்தது. எங்களுக்கு இல்லையாம்!

படிவத்தைக் கிழித்தோம். கண்ணாடி இழை இணைப்புக்கு விண்ணப்பித்து, அதே எண்ணைத் தருமாறு கேட்டோம், தந்தார்கள். பழைய கருவியையே புதிய பெட்டியில் பொருத்த முடிந்தது. ஒரு குறை உண்டு: கண்ணாடி இழை ஒளியைச் சுமக்கும், மின்சாரத்தைச் சுமக்காது. வீட்டில் மின்சாரம் நின்றால் பெட்டியும் நின்றுவிடும். ஆகையால் சில மணி நேரம் தாங்கக்கூடிய சிறு மின்கலம் ஒன்றை அதனோடு இணைத்தோம். மாறுகிறவர்கள் இதை மறவாதிருப்பது நலம். செலவு முன்பைவிடக் கூடிற்று. தொலைக்காட்சியில் நாங்கள் பாராத அலைவரிசைகளை நீக்கி அதை ஓரளவு ஈடுகட்டினோம்.

அத்துடன் ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்தினோம். மாலை ஏழு மணிக்கு, குடும்பச் செபமாலை தொடங்கும் முன், வெளியில் இருப்பவர் வீட்டு எண்ணுக்கு அழைத்து முதலில் அம்மாவிடம் பேச வேண்டும். மகனும் ஒப்புக்கொண்டான். ஏழு மணிக்கு அம்மா கருவியின் அருகில் வந்து அமர்ந்துவிடுகிறார்கள். கனத்த கைப்பிடியை இரு கைகளாலும் பிடித்து, "சாப்பிட்டியா மக்களே?" என்கிறார்கள். சிறிது நேரத்தில் அதையே மீண்டும் கேட்கிறார்கள். மூன்றாம் முறையும் கேட்கிறார்கள். மூன்று முறையும் அவன் புதிதாகக் கேட்டவன்போலப் பதில் சொல்கிறான்.

எல்லா வீட்டிலும் தரைவழித் தொலைபேசி வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதை நம்பி இருப்போர் இல்லாத வீட்டில் அதை நீக்குவது சிக்கனமே, பாவம் அன்று. நீக்குமுன் மூன்று கேள்விகளை மட்டும் வீட்டார் கூடிக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த எண்ணை மட்டுமே அறிந்தவர் யாரேனும் உண்டா? மின்சாரம் நின்ற இரவில் நம்மை அடைய வேறு வழி உண்டா? மணி ஒலித்தால் எழுந்து எடுப்பார் உண்டா? மூன்றாவது கேள்வி கைப்பேசிக்கும் பொருந்தும்.

சென்ற வாரம் மகன் பேசி முடித்ததும், "யார் அம்மா பேசியது?" என்று கேட்டோம். அம்மா சற்றுத் திகைத்தார்கள். பெயர் வரவில்லை. பிறகு முகம் மலர, "யாரோ நல்ல பிள்ளை. நாளைக்கும் கூப்பிடுவேன்னு சொல்லியிருக்கான்" என்றார்கள்.

மறுநாள் ஏழு மணிக்கு முன்பே அம்மா நாற்காலியில் வந்து அமர்ந்திருந்தார்கள்.