கரையில் நிற்கும் படகு

ஒன்டாரியோ ஏரி முழுவதும் உறைந்துபோவது மிக அரிது. 244 மீட்டர் வரை ஆழமுடைய அந்நீர்ப்பரப்பு கோடையில் சேர்த்த வெப்பத்தைக் கருமியைப்போல் சிறிது சிறிதாகவே செலவிடும். கரையோரப் படகுத்துறைகளுக்கு அந்த வசதி இல்லை. ஆழம் குறைந்து, அலை நுழையாமல் கிடக்கும் அம்மூலைகளில் குளிர் முற்றியதும் பனிக்கட்டி பிடித்துவிடும். ஆதலால் டொராண்டோவின் கரைநெடுகச் சிறு பாய்மரப் படகுகளுக்கு அக்டோபர் கரையேறும் மாதம். அவை மறுபடி நீரைத் தொடுவது ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோதான். ஆண்டில் ஏறத்தாழப் பாதியை மண்மீது கழிக்கும் ஒன்றைப் படகு என்று அழைப்பது நியாயம்தானா என்றுகூடத் தொடக்கத்தில் எனக்குத் தோன்றியதுண்டு.

ஸ்கார்பரோவில் எங்கள் தெருவில் குடியிருக்கும் முதியவர் ஒருவருக்குச் சில ஆண்டுகளாக இந்த வேலையில் கூடமாட உதவி வருகிறேன். அவருடையது 24 அடி நீளமுள்ள ‘ஷார்க்’ வகைப் படகு. ஆஸ்திரியாவிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஜார்ஜ் ஹின்டர்ஹோலர் 1959இல் ஒன்டாரியோ மாகாணத்தில் உருவாக்கிய வடிவம் அது. எடை ஏறத்தாழ ஒரு டன். அடியில் மீனின் துடுப்பைப்போல் இறங்கி நிற்கும் கனத்த ஏரா. பெரிய வசதிகள் ஏதுமில்லாத, ஆனால் காற்று வலுத்தாலும் பதறாத படகு.

பாய்களைக் கழற்றி உலர்த்தி மடிப்பதோடு வேலை தொடங்கும். எஃகுக் கம்பிகளைத் தளர்த்திப் பாய்மரத்தை இறக்கிக் கிடத்துவோம். பிறகு கிரேனின் முறை. அகலமான இரு பட்டைகள் படகின் வயிற்றுக்கடியில் செல்லும். அணியத்தில் ஒருவரும் பின்புறத்தில் ஒருவருமாகக் கயிறு பிடித்துக்கொண்டு, அது காற்றில் சுழன்றுவிடாமல் பார்த்துக்கொள்வோம். கோடை முழுவதும் பார்த்துப் பழகிய படகு, நீரைவிட்டு எழுந்ததும் வேறொன்றாகிவிடும். பச்சை வழவழப்பும், கப்பல்களின் அடித்தொட்டி நீரோடு 1980களில் பேரேரிகளுக்கு வந்துசேர்ந்த வரிக்குதிரைச் சிப்பிகளும் ஒட்டிய அந்த அடிவயிற்றைக் காண்பதில் ஏதோ ஒரு கூச்சம் இருக்கும்.

நீரில் மிதக்கும் படகை நீர் எல்லாப் பக்கமும் சமமாக ஏந்திக்கொள்கிறது. கரையில் அதற்குக் கிடைப்பது ஓர் இரும்புத் தொட்டில். எடை முழுவதும் ஏராவின்மீது இறங்க வேண்டும். பக்கவாட்டுத் தாங்கிகள் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. தாங்கி ஒன்றைச் சற்று அதிகமாக முடுக்கிவிட்டால், அந்த இடத்தில் கண்ணாடியிழைச் சுவர் மெல்ல உள்ளே குழியும். புயலுக்கு ஈடுகொடுக்கும் உடல், அசையாமல் நிற்பதற்காகச் செய்யப்பட்டதல்ல.

அடுத்து, மிஞ்சிய நீரைத் தேடும் வேலை. உறையும்போது நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. அந்த விரிவுக்கு இடம் கொடாத உலோகம் வெடிக்கும். ஆகவே குடிநீர்த் தொட்டி, கைப்பம்பு, கழிவுக்குழாய் என ஒவ்வொன்றாக வடித்து, வடியாத வளைவுகளில் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்பு நீர்மத்தை ஊற்றுவோம். எஞ்சினின் பற்சக்கர எண்ணெயையும் மாற்றுவார். பழைய எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். ஏரி முழுக்கச் சூழ்ந்திருந்தபோது தாங்கியதை, உள்ளே தங்கிய ஒரு கைப்பிடி நீர் உடைத்துவிடும்.

படகுகள் புயலில் மூழ்கித்தான் அழிகின்றன என்று கரையிலிருப்பவர்கள் நினைக்கிறோம். படகு முற்றத்தின் கடைசி வரிசைக்குப் போனால் உண்மை தெரியும். பல வசந்தங்களாக இறக்கப்படாத படகுகள் அங்கே நிற்கின்றன. முதலில் தார்ப்பாய் கிழியும். இலைச்சருகு விழுந்து வடிகால் துளையை அடைக்கும். மழைநீர் தேங்கி உறையும், உருகும், மறுபடி உறையும். தொட்டிலின் காலைச் சுற்றிச் செடி முளைக்கும். கண்ணாடியிழை மட்காது, வாங்குவாரும் இரார். அவற்றின் சொந்தக்காரர்களில் எவரும் ‘இதுதான் கடைசி முறை’ என்று சொல்லிக் கரையேற்றியிருக்கமாட்டார்கள். அடுத்த வசந்தத்துக்குள் முழங்கால் வலித்திருக்கும், துணைவருக்கு உடல் நலமில்லாது போயிருக்கும், அவ்வளவுதான்.

முதியவருக்கு எண்பதாகிறது. வசந்தத்துக்குள் வீட்டை விற்றுவிட்டு மகளின் ஊருக்கு அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகவேண்டும் என்று பேச்சு. படகைப்பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சென்ற அக்டோபரில் அவருடைய கைகளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். கைவிடப்போகும் படகுக்கு யாரும் பற்சக்கர எண்ணெய் மாற்றுவதில்லை. அவர் மாற்றினார். வடித்த பழைய எண்ணெயை விரல்களுக்கிடையே தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையசைத்தார். தார்ப்பாயின் இரு முனைகளிலும் காற்றுப் போக வழிவிட்டுக் கட்டினார். ஏணியில் நான் ஏறினேன். ஒவ்வொரு முடிச்சையும் கீழிருந்தே சொல்லித்தந்தார். இந்த ஆண்டுதான் முதன்முறையாக அவர் ஏணியில் ஏறவில்லை.

எல்லாம் முடிந்தபின் பேட்டரியை என் காரின் பின்பெட்டியில் வைக்கச் சொன்னார். மற்ற ஆண்டுகளில் அது அவருடைய நிலவறைக்குப் போகும். மின்னேற்றம் நிறைந்த பேட்டரி இந்த ஊர்க் குளிரில் உறையாது. மின்னேற்றம் இறங்கியது உறைந்து வெடித்துவிடும். “மாதம் ஒரு முறை மின்னேற்றினால் போதும், மறந்துவிடாதீர்கள்” என்றார். மே மாதத்தில் அதை யாரிடம் கொடுக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நவம்பரில் ஒரு முறை மின்னேற்றினேன். பிறகு டிசம்பரில். ஜனவரியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில், மின்னேற்றியின் பச்சை விளக்கு எரியும்வரை நிலவறைப் படியில் உட்கார்ந்திருந்தேன்.